வார்டில் கேட்கும் ஆங்கிலம்

கேள்வி: நான் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த செவிலியர். ஊரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் தேவையான கிரேடு வாங்கி பிரிட்டனுக்கு வந்தேன். செய்முறைத் தேர்வான ஓஸ்கியிலும் தேறி, இப்போது வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு மருத்துவமனையின் முதியோர் வார்டில் இருக்கிறேன். மருத்துவர்கள் பேசுவது புரிகிறது; நோயாளிகள் பேசுவதுதான் புரியவில்லை. சில நாட்களுக்கு முன் ஒரு முதியவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, "ஐ திங்க் ஐ'ம் கோயிங் டு பாஸ் அவுட், லவ்" என்றார். 'பாஸ் யூரின்' என்று சொல்வோமே, அதுதான் போலிருக்கிறது என்று சிறுநீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினேன். மயக்கம் வருகிறது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். அருகில் இருந்த உதவியாளர் அவரைத் தாங்கிப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டார். அடி எதுவும் படவில்லை. ஆனால் அதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. 'பாஸ் அவுட்' போன்ற இரட்டைச் சொல் வினைகள், அதாவது பிரேசல் வெர்ப், ஆயிரம் உள்ள புத்தகம் ஒன்றை வாங்கி தினமும் இருபது மனப்பாடம் செய்கிறேன். மறுநாள் பாதி மறந்துபோகிறது. புரியாததைத் திரும்பக் கேட்டால் எனக்கு ஆங்கிலமே தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். நானும் அவர்களைப் போல இடியம் (மரபுத்தொடர்) கலந்து பேசப் பழக வேண்டுமா? ஆன்லைன் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டிச் சேரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஆயிரம் பிரேசல் வெர்ப் புத்தகத்தை மூடி வையுங்கள். உங்கள் நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லை. அத்தகைய புத்தகங்கள் பல அகர வரிசையில் அடுக்கப்பட்டவை. 'கெட் டவுன்', 'கெட் ஆஃப்', 'கெட் ஓவர்', 'கெட் த்ரூ' என்று ஒரே முகச்சாடையுள்ள சொற்களை ஒரே நாளில் மனத்தில் ஏற்றினால் ஒன்று மற்றொன்றைக் குழப்பும். யாராக இருந்தாலும் மறக்கத்தான் செய்யும்.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. 1755இல் தன் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய தொல்லை என்று அதன் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். அவர் சொன்ன தொல்லையைத்தான் நீங்கள் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் அனுபவிக்கிறீர்கள்.

எண்ணிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டாம். டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பை அவர்கள் அலசிப் பார்த்தார்கள். அதில் வரும் பிரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல், வெறும் 20 வினைச்சொற்களும் 'அப்', 'அவுட்' போன்ற 8 ஒட்டுச் சொற்களும் சேர்ந்து உண்டாக்கியவை. அந்தச் சொற்கள் எல்லாம் உங்களுக்கு நான்காம் வகுப்பிலேயே தெரிந்தவை. ஒரே சேர்க்கைக்குப் பல பொருள்கள் இருப்பதுதான் பாடு. எந்தப் பொருள் என்பதை இடமும் ஆளும் நேரமும்தான் முடிவு செய்கின்றன. புத்தகத்தில் அவை மூன்றும் கிடையாது.

உங்கள் வார்டிலிருந்தே 'கோ ஆஃப்' என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். "தி பம்ப்ஸ் கான் ஆஃப் அகெய்ன்" என்றால் மருந்து ஏற்றும் பம்பின் அலாரம் அடிக்கிறது. "ஷீஸ் கான் ஆஃப் ஹெர் ஃபுட்" என்றால் அந்த அம்மாவுக்குச் சாப்பாட்டின் மேல் விருப்பம் போய்விட்டது. "தி மில்க்ஸ் கான் ஆஃப்" என்றால் பால் கெட்டுவிட்டது. மூத்த செவிலியர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "ஐ திங்க் பெட் ஃபோர் இஸ் கோயிங் ஆஃப்" என்று சொன்னால், நான்காம் படுக்கை நோயாளியின் நிலை மோசமாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கையில் இருப்பதை வைத்துவிட்டு நீங்கள் எழுந்து போக வேண்டிய வாக்கியம் அது. மனப்பாடப் பட்டியலில் 'கோ ஆஃப்: வெடித்தல், ஒலித்தல்' என்று ஒரு வரி இருக்கும். அதை நம்பி இருந்தால் நான்காம் படுக்கைக்கு யார் போவது?

ஊரில் நீங்கள் வேலை பார்த்த நாட்களை நினைத்துப் பாருங்கள். "கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது", "வயிற்றைப் புரட்டுகிறது", "வயிற்றால் போகிறது", "சளி பிடித்திருக்கிறது", "நெஞ்சைக் கரிக்கிறது", "கால் மரத்துப்போயிற்று", "ஒன்றுக்குப் போக வேண்டும்" என்றெல்லாம் நோயாளிகள் சொல்லியிருப்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் நர்சிங் பாடநூலில் படிக்கவில்லை. கண்ணை யார் கட்டினார்கள் என்று கேட்கவும் இல்லை. உடனே ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்தீர்கள். சொல், அதைச் சொன்னவரின் முகம், அப்போது நீங்கள் செய்த காரியம் ஆகிய மூன்றும் சேர்ந்து பதிந்ததால்தான் அவை இன்றுவரை மறக்கவில்லை. யார்க்ஷயர் முதியவரின் ஆங்கிலமும் அதே வழியில்தான் வந்து சேரும். "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி" என்று ஒரு பாட்டி கூச்சத்தோடு சொன்னால், அது நம் ஊர்ப் பாட்டியின் "ஒன்றுக்குப் போக வேண்டும்" என்பதேதான். பொதுக் கழிப்பறைக் கதவுக்கு ஒரு பென்னி போட்ட காலத்தில் பிறந்த வழக்கு அது. இன்றைய இளைஞர்கள் அதிகம் சொல்வதில்லை, உங்கள் வார்டில் இருப்பவர்கள் சொல்வார்கள்.

இனி 'பாஸ் அவுட்'. நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. நம் நாட்டு மருத்துவமனைகளில் 'பாஸ் யூரின்', 'பாஸ் மோஷன்' என்பது அன்றாடப் பேச்சு. கல்லூரியை முடிப்பதையும் 'பாஸ்டு அவுட்' என்கிறோம். பிரிட்டனில் நோயாளி ஒருவர் சொன்னால் அதற்கு மயங்கி விழுவது என்ற ஒரே பொருள்தான். 'ப்ளாக் அவுட்' என்பதும் அதன் உறவுதான். விளக்கு அணைவதையும் அவர்கள் 'கோ அவுட்' என்பார்கள். இங்கே நினைவு அணைகிறது. மயக்கம் தெளிந்து எழுவது 'கம் ரவுண்ட்'. "வென் ஐ கேம் ரவுண்ட், ஐ வாஸ் ஆன் தி ஃப்ளோர்" என்று ஒருவர் சொன்னால், அவர் நினைவிழந்திருக்கிறார். வெறுமனே கால் தடுக்கி விழுந்தார் என்று எழுதிவிட முடியாது. கீழே விழுந்தவரின் குறிப்பில் இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் புரியாமல் போனாலும், படுத்திருந்த முதியவர் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும் என்பது நீங்கள் அறிந்த பாடம். வெளுத்த முகமும் வியர்வையும் தள்ளாட்டமும் எந்த மொழியிலும் ஒன்றுதான். காதில் விழுந்தது சந்தேகமாக இருக்கும் நொடியில் அவரை விட்டுத் திரும்பாதீர்கள். கையை எடுக்காமல் முகத்தைப் பாருங்கள், உட்கார வையுங்கள், பிறகு கேளுங்கள்.

ஒட்டுச் சொற்களுக்கு ஓரளவு போக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் புதிதாகக் கேட்பதையும் பாதி ஊகிக்கலாம். உடம்பைப் பற்றிய பேச்சில் 'அப்' வந்தால் ஏதோ மேலே வருகிறது, அல்லது கிளம்புகிறது. 'த்ரோ அப்' வாந்தி. 'ப்ரிங் அப்' என்றால் சளியோ உணவோ வாய் வழியாக வெளிவருவது. 'ஃப்ளேர் அப்' என்பது அடங்கிக் கிடந்த நோய் மறுபடி தலைதூக்குவது. "மை நீஸ் ப்ளேயிங் அப்" என்றால் முழங்கால் தொல்லை கொடுக்கிறது. 'ஆஃப்' வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒன்று விலகுகிறது அல்லது குறைகிறது. வலி 'ஈஸ் ஆஃப்' ஆகும். வலி மாத்திரையின் வேலை 'வேர் ஆஃப்' ஆகும். உட்கார்ந்தபடியே கண்ணயர்வது 'நாட் ஆஃப்'. "தே டுக் மீ ஆஃப் தி வாட்டர் டேப்லெட்ஸ்" என்றால் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரையை மருத்துவர் நிறுத்தியிருக்கிறார். "ஐ கேம் ஆஃப் தெம்" என்றால் அவரே நிறுத்தியிருக்கவும் கூடும். யார் நிறுத்தச் சொன்னது என்று கேளுங்கள். "ஐ'வ் ரன் அவுட்" என்றால் மாத்திரை தீர்ந்துவிட்டது. எத்தனை நாளாக என்பது அடுத்த கேள்வி. இந்தப் போக்கு எல்லா இடத்திலும் கைகொடுக்காது, 'கோ ஆஃப்' என்பதில் அலாரம் விலகவில்லை, அடிக்கிறது. ஆகவே ஊகம் என்பது கேள்வி கேட்பதற்கு உதவட்டும்; அதை வைத்து மருந்து கொடுக்க வேண்டாம்.

காதுக்கும் ஒரு பயிற்சி உண்டு, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் மக்கள் 'பாஸ் அவுட்' என்பதில் 'பாஸ்' என்ற முதற்பகுதியை அழுத்திச் சொல்லியும் கேட்டும் பழகியவர்கள். ஆங்கிலேயர் இத்தகைய சேர்க்கைகளில் பெரும்பாலும் பின்னால் வரும் ஒட்டுச் சொல்லைத்தான் அழுத்துவார்கள். முன்னால் உள்ள வினை அடங்கி ஒலிக்கும், இரண்டும் சேர்ந்து 'பாஸவுட்', 'த்ரோவப்' என்று ஒரே சொல்லாக வந்து விழும். நீங்கள் முதற்பகுதியைப் பிடித்துக்கொண்டு பொருள் தேடுவதற்குள் பொருளைச் சுமக்கும் பின்பகுதி கடந்துபோய்விடுகிறது. இனி வாக்கியத்தின் வாலைக் கேளுங்கள். நீங்கள் பேசும்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: 'இட்' போன்ற சொல் வந்தால் அது நடுவில்தான் உட்காரும். "டேக் இட் ஆஃப்" என்பார்கள்; "டேக் ஆஃப் இட்" என்று மாற்றிச் சொன்னால் சட்டையைக் கழற்றச் சொல்கிறீர்கள் என்பது அவர்களுக்கு உடனே எட்டாது.

திரும்பக் கேட்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். தெளிவுபடுத்திக் கேட்பது செவிலியர் பணியின் ஒரு பகுதி. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட செவிலியரும் கேட்டே ஆக வேண்டிய இடங்கள் உண்டு. 'பங்க்ட் அப்' என்று ஒருவர் சொன்னால் மூக்கு அடைத்திருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம். "ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்" என்பதைப் பிரிட்டிஷ் முதியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதில் சிரிப்புக்கு ஒன்றுமில்லை. திடீரென்று வந்து போன ஒரு கோளாறு என்பதுதான் அதன் பொருள். அது வெறும் தலைசுற்றலாக இருக்கலாம். மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டதாகவும் இருக்கலாம், அப்படியானால் பெரிய பக்கவாதத்துக்கு அது முன்னறிவிப்பு. பேச்சு குழறியதா, ஒரு பக்கக் கை கால் தளர்ந்ததா, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்காமல் விடுபவர்தான், அவர் எவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசினாலும், நோயாளிக்கு ஆபத்தானவர்.

கேட்கும் விதம் மட்டும் முக்கியம். 'சாரி? சாரி?' என்று திரும்பத் திரும்பச் சொன்னால் காது கேட்கவில்லை என்று நினைத்து அவர் அதே சொற்களையே சத்தமாகச் சொல்வார். அவர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்து அவரிடமே கொடுங்கள்: "யூ செட் எ ஃபன்னி டர்ன். டெல் மீ வாட் ஹேப்பண்ட்." அல்லது, "வேர் டு யூ ஃபீல் இட்? ஷோ மீ." இப்படிக் கேட்டால் நீங்கள் அக்கறையுள்ள செவிலியர் என்றுதான் நோயாளி நினைப்பார். ஷிப்ட் மாறும்போது சொல்லப்படும் ஹேண்டோவரில் புரியாத சொல் வந்தால், "டு யூ மீன் ஹிஸ் சாச்சுரேஷன்ஸ் ஆர் டிராப்பிங்?" (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைகிறதா?) என்று உங்கள் மருத்துவச் சொல்லால் சரிபாருங்கள். குறிப்பேட்டில் எழுதும்போது நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, நீங்கள் கண்டதைத் தனியாக எழுதுங்கள். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அடுத்து வருபவர் மூலச் சொல்லைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும்.

ஒரு வகைச் சொற்களை மட்டும் நீங்கள் இன்றே தெரிந்துவைத்திருக்க வேண்டும், இதில் தாமதம் கூடாது. "ஐ கான்ட் கோ ஆன்", "ஐ'வ் ஹேட் இனஃப்", "ஐ வாண்ட் டு எண்ட் இட் ஆல்", "தே'ட் பி பெட்டர் ஆஃப் வித்அவுட் மீ" (நான் இல்லாவிட்டால் அவர்கள் நன்றாக இருப்பார்கள்). எளிய சொற்கள், மென்மையான குரல், சில சமயம் சிறு புன்னகையோடுகூட வரும். அலுப்பில் சொன்னதாக இருக்கலாம். உயிரை விட நினைப்பவரின் வாயிலிருந்து வருவதும் இவைதான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாக, கனிவாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. பதில் எதுவானாலும் பொறுப்புச் செவிலியரிடம் உடனே தெரிவியுங்கள். அந்த நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

நீங்களும் இடியம் கலந்து பேச வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். புரிந்துகொள்வதும் பயன்படுத்துவதும் வெவ்வேறு வேலைகள், உங்களுக்கு இப்போது முதலாவதுதான் தேவை. 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததை எடுத்துவிட்டால் கேட்பவருக்கு நாடகம் போலத் தோன்றும். உங்கள் நோயாளிகளில் காது மந்தமானவர்கள் இருப்பார்கள், மறதி நோய் உள்ளவர்கள் இருப்பார்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு நேரான, எளிய வாக்கியமே நல்லது. அதை நீங்கள் ஏற்கெனவே நன்றாகப் பேசுகிறீர்கள். குறிப்பாக, மரணத்தைத் தெரிவிக்கும் இடத்தில் சுற்றிவளைத்த சொற்கள் கூடவே கூடாது. 'பாஸ்டு அவே', 'ஸ்லிப்ட் அவே', 'லாஸ்ட்' என்பவை உறவினர் சொல்லும்போது நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியவை. நீங்கள் சொல்ல நேர்ந்தால் 'டைட்' (இறந்துவிட்டார்) என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். அதிர்ச்சியில் இருப்பவர் 'வி லாஸ்ட் ஹிம்' என்பதை வேறுவிதமாகக் கேட்டு, எங்கே போனார் என்று தேடிய வேதனை நடக்கக்கூடியது.

கற்பதற்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். நாளுக்கு இரண்டோ மூன்றோ வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். தனிச் சொல்லாக எழுதாதீர்கள். கேட்ட வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள். அருகில் அகராதிப் பொருளுக்குப் பதிலாக, உங்கள் ஊர் நோயாளி அதை எப்படிச் சொல்வார் என்று தமிழில் எழுதுங்கள். "ஐ ஃபீல் ஆல் ரன் டவுன்" என்பதற்கு எதிரே "உடம்பு அசந்துபோய்க் கிடக்கிறது" என்று இருக்கட்டும். பெயர், படுக்கை எண், நோய் விவரம் எதுவும் அதில் வரக்கூடாது. நோயாளியின் ரகசியம் நோட்டுப் புத்தகத்துக்கும் பொருந்தும். வீட்டுக்கு வந்து வாய்விட்டு இரண்டு முறை சொல்லுங்கள். அடுத்த ஷிப்டில் அதே சொல்லை வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "ஹேஸ் தி பெயின் ஈஸ்டு ஆஃப்?" பயன்படுத்திய சொல் தங்கிவிடும்.

உங்களுக்குக் கிடைத்த நல்ல ஆசிரியர் அந்த முதியவரைத் தாங்கிப் பிடித்த உதவியாளர்தான். ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் பலரும் அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். முதியவர்களின் பேச்சு அவர்களுக்குத் தங்கள் பாட்டியின் பேச்சு. அவரிடம் தேநீர் நேரத்தில் கேட்டால் மகிழ்ந்து சொல்வார். 'பூர்லி' என்றால் உடல்நலமில்லை, 'நவுட்' என்றால் ஒன்றுமில்லை, 'அவுட்' என்று காதில் விழும் 'ஓவ்ட்' ஏதாவது ஒன்று, 'லவ்' என்பது யாரையும் அன்பாக விளிக்கும் சொல் என்பதெல்லாம் அவர் வழியாகவே வரும். ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்தில் முதியவர் பலருக்கு 'டின்னர்' என்பது மதியச் சாப்பாடு, மாலைச் சாப்பாடு 'டீ'. நீரிழிவு நோயாளி ஒருவர் "ஐ டேக் இட் வித் மை டின்னர்" என்றால், எத்தனை மணிக்கு என்று கேட்காமல் எழுதிக்கொள்ளாதீர்கள்.

வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். இந்தியாவிலிருந்து நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பேட்டி ஆங்கிலம் கிடைக்கும், அலுவலக ஆங்கிலம் கிடைக்கும். மூட்டுவலியோடு பேசும் யார்க்ஷயர் முதியவர் கிடைக்கமாட்டார். உங்கள் மருத்துவமனையில் புதிதாகப் பதிவு பெற்றவர்களுக்கு வழிகாட்டும் பிரிசெப்டர் ஒருவர் இருப்பார்; நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லி, வெளிநாட்டுச் செவிலியருக்கு மொழி உதவி ஏதும் உண்டா என்று கேளுங்கள். வீட்டில் சமைக்கும்போது பி.பி.சி.யின் உங்கள் வட்டார வானொலியைப் போட்டுவிடுங்கள். நேயர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசும் நிகழ்ச்சிகள் வரும். பஸ் தாமதம், மழை, முழங்கால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பது என்று அந்த ஊர்க்காரர்கள் தங்கள் குரலில் பேசுவார்கள். எல்லாம் புரிய வேண்டும் என்று உட்கார்ந்து கேட்காதீர்கள். வாக்கியத்தின் வாலில் என்ன விழுகிறது என்று மட்டும் காதைக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து பத்து வாக்கியங்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். அவற்றை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.